காற்றையும் காவிரியையும் ஆண்ட கரிகாலன்

திருச்சிராப்பள்ளி நகரின் நடுவே மலைக்கோட்டை நிமிர்ந்து நிற்கின்றது. அதன் உச்சியில் ஏறி வடக்கே நோக்குவார்க்கு இரண்டு ஆறுகள் புலப்படும். அண்மையில் ஓடுவது காவிரி. சேய்மையில் ஓடுவது கொள்ளிடம். இரண்டிற்கும் இடையே திருவரங்கம் ஒரு தீவாகக் கிடக்கின்றது. மேற்கே முக்கொம்பில் பிரியும் இக்கிளைகள் கிழக்கே கல்லணையின் அருகில் மீண்டும் நெருங்குகின்றன. மலைக்கு மேற்கே, இன்று நகரின் ஒரு பகுதியாக விளங்கும் உறையூர், பண்டு சோழ மன்னரின் தலைநகராக இருந்தது. அம்மன்னருள் பெரும்புகழ் பெற்றவன் கரிகாற் பெருவளத்தான். அவன் காலம் ஏறத்தாழக் கி.பி. 2ஆம் நூற்றாண்டு என்பது அறிஞர் பலர் கருத்து. பொருநராற்றுப்படையும் பட்டினப்பாலையும் அவன்மீது பாடப்பெற்ற நெடும்பாட்டுகள். புறநானூறும் அகநானூறும் பிற்காலச் செப்பேடுகளும் அவன் வரலாற்றை அறியத் துணைபுரிகின்றன.

இளமை

கரிகாலனின் தந்தை உருவப் பஃறேர் இளஞ்சேட்சென்னி. அழகிய தேர்கள் பல உடையவன் என்பது அப்பெயரின் பொருள். மைந்தன் தாயின் வயிற்றில் இருந்தபொழுதே தந்தை இறந்தான். ஆதலின், பிறக்கும் முன்னரே அரசுரிமை கரிகாலனைச் சார்ந்தது. காவலற்ற ஓர் இளஞ்சிறுவனிடம் பெருநாடு ஒன்று இருப்பதைப் பகைவர் பொறுப்பரோ? அவனைப் பற்றிச் சிறையில் அடைத்தனர். கூட்டில் அடைபட்ட புலிக்குட்டி அங்கேயே வளர்ந்து வலிமை பெறுவதுபோல அவனும் சிறையினுள்ளே வளர்ந்தான் என்று பட்டினப்பாலை உவமை கூறும். காலம் பார்த்திருந்து, காவலைக் கடந்து வெளியேறித் தன் உரிமையை அவன் மீட்டுக்கொண்டான்.

பகைவர் சிறைக்குத் தீயிட்டனர் என்றும், தப்பி ஓடுகையில் அவன் கால் தீயிற் கருகியது என்றும், அதனாலேயே கரிகாலன் என்னும் பெயர் அமைந்தது என்றும் ஒரு வரலாறு வழங்குகின்றது. பகைவரின் யானைகளுக்குக் காலன் போன்றவன் என்று அப்பெயருக்குப் பொருள் கொள்வாரும் உளர். அவனுடைய மாமனாகிய இரும்பிடர்த்தலையார் என்னும் புலவர் அவனுக்கு உற்ற துணையாக நின்றார் என்பது பழமொழி நானூற்றால் அறியப்படும்.

அரியணை ஏறியபொழுது அவன் மிக இளையவன். வழக்குடன் வந்த முதியோர் இருவர், இத்துணை இளையவன் நீதி உரைக்க வல்லனோ என்று ஐயுற்றனர். அதனை அறிந்த கரிகாலன் நரைமுடி தரித்து முதியவனாக வந்து அமர்ந்து வழக்கைக் கேட்டான். இருவரும் மனம் ஒப்பும்படி தீர்ப்பு உரைத்தான். பின்னரே தன் உண்மை வடிவைக் காட்டினான். அரசன் என்னும் பெருமையை வற்புறுத்தி அவர்களை அடக்க அவன் முயலவில்லை. அப்பெருமையைச் சற்றே மறைத்து வைத்துக் காரியத்தை முடித்தான்.

வெண்ணிப் போர்

இளைய சோழனை எளியவனாக எண்ணிய அரசர் பலர் அவனுக்கு எதிராகத் திரண்டனர். சேரனும் பாண்டியனும் வேளிர் பதினொருவரும் ஒருங்கு கூடி வந்தனர். இரு படைகளும் வெண்ணி என்னும் ஊரில் பொருதன. திருவாரூர் மாவட்டத்தில் நீடாமங்கலத்திற்கு அருகிலுள்ள கோவில்வெண்ணியே அவ்வூர். போரில் கரிகாலன் பெருவெற்றி எய்தினான். அவன் எறிந்த வேல் சேரமான் பெருஞ்சேரலாதனின் மார்பிற் பாய்ந்து முதுகிலும் புண் செய்தது. முதுகிற் பட்ட புண் வீரனுக்கு இழுக்கு என்பது அக்காலத்துக் கொள்கை. அதனால் நாணிய சேரலாதன், கையில் வாளுடன் போர்க்களத்திலேயே வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தான்.

வெண்ணியில் குயவர் குடியிற் பிறந்த நங்கை ஒருவர் புலமை மிக்கவராய் விளங்கினார். அவரை வெண்ணிக் குயத்தியார் என்று நூல்கள் வழங்கும். அவர் கரிகாலனை முன்னிலைப்படுத்தி ஒரு பாட்டுப் பாடினார். புறநானூற்றின் 66ஆம் பாட்டாக உள்ள அது மிகச் சிறியது. ஆயினும் இரண்டு பெருங்கருத்துகள் அதனுள் அடங்கியுள்ளன. முதற் கருத்து, கரிகாலனின் முன்னோர் கடலில் மரக்கலம் செலுத்திக் காற்றைத் தமக்கு ஏவல் செய்யுமாறு ஆண்டவர் என்பது. போர்க்களத்தில் வென்ற மன்னனைப் புகழ வந்த புலவர் காற்றைப்பற்றிப் பேசுவானேன்? காற்றை ஆளுதல் என்பது யாது என்று அறிந்தால் அப்புகழின் அருமை விளங்கும்.

காற்றை ஆளுதல்

வீசும் காற்றை நிறுத்தவோ திருப்பவோ எவராலும் ஆகாது. மீகாமனின் கையில் உள்ளவை பாயும் கயிறும் சுக்கானுமே. ஆகவே, காற்றை ஆளுதல் என்பது பாயை ஆளுதலே ஆகும்.

மென்காற்று வீசும்பொழுது பெரிய பாயை முழுவதும் விரித்தால்தான் படகு நகரும். காற்று வலுத்தாலோ அந்தப் பெரும்பாயே பகையாகிவிடும். காற்றின் விரைவு இருமடங்கானால் பாயின்மேல் அது செலுத்தும் விசை நான்மடங்காகும். விரைவு மும்மடங்கானால் விசை ஒன்பது மடங்காகும். காலையில் மணிக்கு 8 மைல் விரைவில் வீசிய காற்று மாலையில் 24 மைல் விரைவில் வீசுமாயின், அதே பாயும் கயிறும் மரமும் ஒன்பது மடங்கு சுமையைத் தாங்க வேண்டிவரும். அச்சுமை பாய்மரத்தின் உயரத்தில் தாக்குவதால், நீண்ட நெம்புகோலின் முனையை அழுத்துவதுபோலப் படகை ஒரு பக்கம் சாய்க்கும். பெருங்கலத்திற்கு அடியிலுள்ள சரக்கின் எடை சாயாமல் இருக்க உதவும். சிறு படகிற்கோ அதிற் செல்வோரின் எடையே பெருந்துணை. ஆதலின், சிறு படகு செலுத்துவோர்க்கு விழிப்பு மிகுதியும் வேண்டும்.

காற்று மிஞ்சுவதைப் படகே முன்னதாக அறிவிக்கும். அலைகளின் முடிகள் எங்கும் வெண்மையாக உடையத் தொடங்கும். காற்று தள்ளும் பக்கத்து விளிம்பு நீரைத் தொட வரும். படகு காற்றை நோக்கித் திரும்ப முயலும். அதனை நேர்வழியில் நிறுத்தச் சுக்கானை இரு கையாலும் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். இக்குறிகளைக் கண்டவுடன் பாயைச் சுருக்குதல் வேண்டும். இன்னும் சிறிது பொறுத்துப் பார்ப்போம் என்று காலம் தாழ்த்துவது கேடு. காற்று முற்றிய பின்னர்ப் படபடவென்று அடித்துக்கொள்ளும் பாயைக் கையால் அடக்குதல் அரிது.

பாயைச் சுருக்கும் முறை இது. முதலில் படகைக் காற்றை நோக்கிச் சிறிது திருப்பிப் பாயின்மேலுள்ள சுமையைக் குறைப்பர். பிறகு, பாயை ஏற்றும் கயிறாகிய ஆஞ்சானைத் தளர்த்திப் பாயை ஓரளவு கீழே இறக்குவர். தொய்ந்த அடிப்பகுதியை மடித்துச் சுருட்டி, பாயின் குறுக்கே வரிசையாகத் தைத்துள்ள சிறு கயிறுகளால் கட்டுவர். பின்பு ஆஞ்சானை மீண்டும் இறுக்கி வழியைத் தொடர்வர். காற்று மேலும் வலுத்தால் இரண்டாம் வரிசையையும் கட்டுவர். இதனால் பாயின் பரப்புக் குறைவதோடு காற்று தாக்கும் இடமும் தாழ்ந்துவிடுகின்றது, படகு நிமிர்கின்றது. இந்துமாக்கடலிற் சென்ற பாய்க்கலங்கள் பலவற்றில் பெரியனவும் சிறியனவுமாகப் பாய்கள் இருந்தன; காற்றின் நிலையறிந்து ஒன்றை இறக்கி மற்றொன்றை ஏற்றினர்.

அஞ்சிப் பாயை முற்றும் இறக்கிவிடுதலும் பிழையாகும். பாயில்லாத படகு முன்னேறுவதில்லை. முன்னேறாத படகு சுக்கானுக்குக் கட்டுப்படுவதில்லை. அது அலைகளுக்குப் பக்கவாட்டில் திரும்பி நீரை வாரிக்கொள்ளும். ஆகவே, வலிய காற்றிலும் ஒரு சிறு பாய் வேண்டும். அளவாகச் சுருக்கிய பாயுடன் நிமிர்ந்து செல்லும் படகு, முழுப்பாயுடன் சாய்ந்து தத்தளிக்கும் படகைவிட விரைவாகச் செல்வதும் உண்டு. எத்துணைக் காற்று வீசுகிறதோ அதற்கேற்ப எவ்வளவு பாய் விரிப்பது என்று அறிந்தவனுக்கே காற்று ஏவல் செய்யும்.

இவ்வளவு அறியாமல் விடுவதால் விளையும் அழிவைச் சங்கப் புலவர் நன்கு அறிந்திருந்தனர். கடுங்காற்றால் கயிறு அறுந்து, பாய் அலைப்புண்டு, பாய்மரம் அடியோடு முறிந்து, சுழலில் அகப்பட்ட நாவாயை மதுரைக்காஞ்சி எடுத்துக்காட்டுகின்றது. சோழன் நலங்கிள்ளியைப் பற்றிய புறநானூற்றுப் பாட்டு ஒன்று, பெருங்கலங்கள் மேற்பாயைக் களையாமலும் சரக்கைக் குறைக்காமலும் புகாரின் ஆற்றுமுகத்திற் புகுந்த சிறப்பைக் கூறுகின்றது. பிற துறைகளிற் புகும்பொழுது மேற்பாயை இறக்குதல் வழக்கம் என்பதும், அக்காலக் கலங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட பாய்கள் இருந்தன என்பதும் அதனால் விளங்கும்.

புலவரின் இரண்டாம் கருத்து

காற்றை ஆண்டோர் வழிவந்தவன் என்று கரிகாலனைப் புகழ்ந்த வெண்ணிக் குயத்தியார் அதனோடு நின்றுவிடவில்லை. போரில் வென்று ஆற்றலை விளக்கியவன் கரிகாலனே என்பதை ஒப்புக்கொண்டார். ஆயினும், புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்து பெரும்புகழ் எய்திய சேரலாதன் அவனைவிட நல்லவன் அல்லனோ என்று வினவினார்.

சேரனும் பாண்டியனும் ஒருங்கே தோற்ற களம் அது. வென்ற மன்னனின் பெருமிதம் முழுப்பாய் விரித்த கலம்போலப் பொங்கி நிற்கும் வேளை. அவ்வேளையில், படையோ செல்வமோ இல்லாத குயக்குடிப் பெண் ஒருவர், தோற்றவனே மேலானவன் என்று வென்றவனிடம் கூறினார். காற்றின் வலிமையால் ஓடும் கலத்தை அளவறிந்து அடக்குதல் மீகாமனின் கடமை. வெற்றியின் வலிமையால் ஓங்கும் மனத்தை அடக்குதல் மன்னனின் கடமை அன்றோ! முன்னோரின் காற்றாண்ட திறத்தையும் பகைவனின் நாணத்தையும் ஒரே பாட்டில் அவர் வைத்தது எண்ணி மகிழ்தற்குரியது.

கரிகாலனின் போர்கள் கொடியனவாகவும் இருந்தன. பின்னர் வாகைப்பறந்தலையில் ஒன்பது மன்னரை அவன் ஓட்டினான். அவனால் பகைவரின் ஊர்கள் பாழ்பட்டதைப் பட்டினப்பாலை மறைக்காமல் விரித்துரைக்கின்றது. அதே நூல், அவன் காடு வெட்டி விளைநிலம் ஆக்கியதையும், குளங்கள் தோண்டியதையும், உறையூரைச் சிறப்புறச் செய்ததையும் கூறுகின்றது. தன்னிடம் பரிசில் பெற்றுச் செல்லும் பொருநனுக்குப் பின்னே ஏழடி நடந்து சென்று விடைகொடுக்கும் பணிவு அவனிடம் இருந்தது என்று பொருநராற்றுப்படை பாடிய முடத்தாமக்கண்ணியார் தெரிவிக்கின்றார். வேந்தர்க்கு வணங்காத அவன் கலைஞர்க்குப் பின்னே நடந்தான்.

புகார்த் துறை

கரிகாலனின் கடற்றுறை காவிரிப்பூம்பட்டினம். காவிரி கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்த அந்நகரைப் புகார் என்றும் கூறுவர். பட்டினப்பாலையைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார் அத்துறையின் காட்சிகளை விரித்துள்ளார். கொடிகள் அசையும் பாய்மரங்களுடன் நாவாய்கள் நெருங்கி நின்றன. கடல்வழியே குதிரைகள் வந்தன. தென்கடல் முத்தும், கீழ்க்கடல் பவளமும், ஈழத்து உணவும், கங்கைக்கரைப் பொருள்களும் குவிந்தன. சுங்கம் கொள்வோர் மூடைகளின்மேல் புலிப்பொறி இட்டனர்.

அயல்நாட்டு நூலும் இதற்குச் சான்று தருகின்றது. கி.பி. 1ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க நூலாகிய செங்கடற் செலவு, சோழநாட்டுக் கரையிலிருந்து புறப்பட்ட பெருங்கலங்களைக் குறிப்பிடுகின்றது. உறையூர் எனக் கருதப்படும் உள்நாட்டு நகரின் மெல்லிய துணிகளையும் அது சொல்கின்றது. 1960களில் காவிரிப்பூம்பட்டினத்தை அடுத்த கீழையூரில் நிகழ்ந்த அகழாய்வில், படகுகளைக் கட்டுதற்குரிய மரத்தூண்களுடன் செங்கல்லாலாகிய படகுத்துறை ஒன்று வெளிப்பட்டது. உறையூர் அகழாய்வில் துணிக்குச் சாயம் ஏற்றும் தொட்டி கிடைத்தது. ஆற்றங்கரைத் தறியும் கடற்கரைப் பாயும் ஒரே வாணிகத்தின் இரு முனைகளாக இருந்தன.

கல்லணை

அவ்வாணிகத்திற்கும் சோழநாட்டு வேளாண்மைக்கும் உயிராக இருந்தது காவிரி. காற்றைப்போலவே ஆற்று வெள்ளமும் கட்டிவைக்க இயலாத பேராற்றல். குறைந்தால் வயல் காயும். மிகுந்தால் ஊர் அழியும். திருவரங்கத் தீவின் கிழக்கு முனையருகே காவிரியின் படுகை உயர்ந்தும் கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தும் உள்ளன. அவ்விடத்தில் காவிரி நீர் பள்ளம் நாடிக் கொள்ளிடத்தில் வீழ்ந்து கடலுக்கு ஓடிவிடும். அதனைத் தடுத்தால் தஞ்சை வளநாடு முழுதும் நீர் பெறும். ஆனால், உயரமான சுவரெழுப்பி முற்றிலும் தடுத்தாலோ, பெருவெள்ளம் காவிரிக் கரைகளை உடைத்து நாட்டை மூழ்கடிக்கும்.

இவ்விரு தீங்கிற்கும் இடையே கண்ட வழிதான் கல்லணை. ஏறத்தாழ 1,080 அடி நீளமும், 40 முதல் 60 அடி வரை அகலமும், 15 முதல் 18 அடி வரை உயரமும் உடையதாய், பாம்புபோல வளைந்து கிடந்தது அப்பழைய அணை. பெரிய கற்களை ஆற்று மணலில் இட்டு, அவை அமிழ அமிழ மேலும் கற்களை அடுக்கிக் களிமண்ணால் இணைத்து அதனை அமைத்தனர். நீர் அளவாக வரும்பொழுது அணை அதனைக் காவிரியிலேயே செலுத்தியது. வெள்ளம் மிகுந்தபொழுது மிகை நீர் அணையின்மேல் வழிந்து கொள்ளிடத்தை அடைந்தது. பாயைச் சுருக்கும் மீகாமன் வேண்டிய காற்றை மட்டும் ஏற்று மிகுந்ததைக் கடந்துபோக விடுவதுபோல, வேண்டிய நீரை ஏற்று மிகுந்ததை விடுத்தது கல்லணை.

இவ்வணையைக் கரிகாலன் கட்டினான் என்பது வழிவழியாக வரும் வரலாறு. அவன் காவிரிக்குக் கரையமைத்ததை 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தெலுங்குச் சோடர் செப்பேடும், முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடும் குறிப்பிடுகின்றன. 19ஆம் நூற்றாண்டில் இங்குப் பணியாற்றிய ஆர்தர் காட்டன் என்னும் ஆங்கிலப் பொறியாளர், ஆழங்காண முடியாத மணலில் அடித்தளம் இடும் முறையைக் கல்லணையிடமே கற்றார். அவ்வறிவைக்கொண்டு 1836ஆம் ஆண்டில் முக்கொம்பில் மேலணையைத் தொடங்கினார். பின்னர்க் கோதாவரியிலும் பேரணை எழுப்பினார். வெள்ளத்தின் வலிமை எளிதன்று. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், அம்மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகளை வெள்ளம் அடித்துச் சென்றது. கல்லணையோ காலந்தோறும் உயர்த்தியும் திருத்தியும் காக்கப்பெற்று, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் ஆகியவற்றிற்கு இன்றும் நீரைப் பகுத்தளிக்கின்றது.

முடிவு

கரிகாலன் மறைந்தபொழுது கருங்குழல் ஆதனார் என்னும் புலவர் இரங்கிப் பாடினார். தலைவனை இழந்த உலகத்தைக் கண்டு அவர் நெஞ்சம் உருகினார். அம்மன்னனின் அரண்மனை இன்று இல்லை. புகார்த் துறையில் பாய்விரித்த நாவாய்களும் இல்லை. வெண்ணிக் குயத்தியாரின் பாட்டு உள்ளது. கல்லணையின்மேல் காவிரி நீர் ஓடுகின்றது. ஆற்றல் பெறுதல் பெருமையே. அதனை எவ்வளவு விரிப்பது, எப்பொழுது சுருக்குவது என்று அறிதல் அதனினும் பெருமை என்பதை அவ்விரண்டும் உணர்த்திக்கொண்டிருக்கின்றன.